சர்வேயரிடம் கேளுங்கள்: வராத நஷ்டத்துக்கு யார் பணம் போடுவது?

போன இதழில், மழைக்காலத்துக்கு முன் பட்டறைகளில் செய்துவிட வேண்டிய நாலு வேலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "செய்யலாம் சார், பணம் யார் தருவார்?" முப்பது வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக ஓடியவன் நான். தண்ணீர் வடிந்த பிறகு டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், என்ன போச்சு, எவ்வளவு போச்சு என்று எழுதுவதுதான் என் தொழில். போகாமல் தப்பியதை எழுத என் படிவத்தில் கட்டமே கிடையாது. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் அந்த இல்லாத கட்டத்தைச் சுற்றித்தான்.

கேள்வி: சின்ன பட்டறை. ரெண்டு சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்), மூன்று சாதா லேத் (கடைசல் மெஷின்). 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இடுப்பளவு தண்ணீர். மெஷின்களை மேடையில் ஏற்றி, மின் பேனலை உயர்த்த மூன்றரை லட்சம் ஆகும் என்கிறார் ஃபேப்ரிகேட்டர். லோன் கேட்டுப் போனால் பேங்க் மேனேஜர், "இதனால் உற்பத்தி எவ்வளவு கூடும்?" என்கிறார். என்ன பதில் சொல்வது?
(பட்டறை உரிமையாளர், அம்பத்தூர்)

பதில்: உங்கள் தொழிற்பேட்டையிலேயே நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

2015 டிசம்பர். ஒன்றாம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் ஒரு பட்டறைக்குப் போனேன். ஷட்டரைத் தூக்கியதும் கூலன்ட் ஆயிலும் சாக்கடையும் கலந்த வாடை மூக்கில் அடித்தது. சுவரைச் சுற்றிலும் நூல் பிடித்தது போல ஒரு பழுப்புக் கோடு. டேப்பை வைத்துப் பார்த்தேன், 2 அடி 7 அங்குலம். மெஷினின் வார்ப்பிரும்பு அடிப்பாகத்தைப் பற்றிக் கவலை இல்லை, நாலு நாள் டீசல் போட்டுத் துடைத்தால் பிழைத்துவிடும். சி.என்.சி.யின் பின்பக்கக் கதவைத் திறந்தால் மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் டிரைவ் கார்டுகள் வரிசையாக நிற்கும் இல்லையா, அதில் கீழ் வரிசை முழுக்கத் தண்ணீர் குடித்திருந்தது. கார்டு பிழைக்காது. புதுசுக்கு ஆர்டர் போட்டால் வர மூன்று வாரம்.

மொத்த நஷ்டம் பதினொரு லட்சத்துச் சொச்சம். அதில் கார்டு, பேனல், மோட்டார் இந்த மூன்றும் மட்டுமே எட்டு லட்சம். கீழ் வரிசை கார்டு தரையிலிருந்து இரண்டடியில் இருந்தது. அதாவது, அந்த எட்டு லட்சமும் ஏழு அங்குலத் தண்ணீரால் வந்த விஷயம்.

உரிமையாளர் சூடுபட்டவர். அடுத்த ஏப்ரலில் மெஷின்களை ஒன்றரை அடி கான்கிரீட் மேடையில் ஏற்றினார். ஆபரேட்டர் நிற்க இரும்புப் படி. பேனலையும் ஸ்டெபிலைசரையும் ஆங்கிள் ஃபிரேம் அடித்து நாலடிக்கு மேல். கம்ப்ரஸர் பரணுக்குப் போனது. ஷட்டர் வாயிலில் ரெண்டு பக்கமும் சேனல் பதித்து, மழை அறிவிப்பு வந்தால் ரப்பர் ஒட்டிய பலகையைச் செருகிவிடுவார். எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய், கைக்காசு.

2023 டிசம்பர் ஆறாம் தேதி போன் செய்தார். "சார், பழைய கோட்டைத் தாண்டி ரெண்டு இஞ்ச் வந்துடுச்சு. கார்டு மேல ஒரு சொட்டு இல்ல." சரக்கு வைத்திருந்த கீழ் ரேக்கில் இரும்புக் கம்பிகள் துருவேறியதும், கழுவித் துடைத்த கூலியும் சேர்த்து ஒன்றரை லட்சம்தான் நஷ்டம். ஆறாவது நாள் மெஷின் ஓடியது. 2015-ல் ஏழு வாரம் மூடிக் கிடந்த பட்டறை அது. அந்த ஏழு வாரத்தில் ரெண்டு இ.எம்.ஐ. தவறியது, ஒரு கஸ்டமர் ஆர்டரை ஹோசூருக்கு மாற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை.

இதுதான் உங்கள் மேனேஜருக்குப் பதில். "உற்பத்தி கூடப்போவதில்லை சார், ஆனால் உங்கள் தவணை தவறாது" என்று சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது. 2023-ல் எத்தனை நாள் மூடினீர்கள், எந்த மாதத் தவணை தள்ளிப்போனது, எந்த ஆர்டர் கைவிட்டுப் போனது என்று ஒரு பக்கம் எழுதி, பில்லோடு கொடுங்கள். இன்னொரு வழி, அனுபவத்தில் கண்டது: "வெள்ளத் தடுப்பு" என்று தனியாக லோன் கேட்டால் அந்தத் தலைப்புக்கு அவரிடம் ஃபைல் இருக்காது. அடுத்த மெஷின் வாங்கும்போது மேடை, ஃபிரேம், பேனல் உயர்த்துவது எல்லாவற்றையும் மெஷின் நிறுவும் செலவில் சேர்த்து கொட்டேஷன் வாங்குங்கள். அதற்கு லோன் உண்டு.

கதையில் ஒரு கசப்பான வால் மிச்சம் இருக்கிறது. மேடை ஏற்றிய பிறகு அவருக்கு பிரீமியம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பக்கத்துப் பட்டறையில் எல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கிறது, அவருக்கும் அதே ரேட். "அப்புறம் நான் எதுக்கு சார் செலவு பண்ணேன்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். பெரிய ஃபாக்டரி என்றால் கம்பெனி இன்ஜினீயரை அனுப்பி ரிஸ்க் பார்க்கும். சின்னப் பட்டறைக்கு யாரும் வருவதில்லை, என்ன தொழில், எந்த ஏரியா என்பதோடு சரி. மேடை போட்டவருக்கு நூற்றுக்குப் பத்து குறைத்துப் பாருங்கள், ஒரு மழைக்காலத்துக்குள் பேட்டையில் பாதிப் பட்டறை ஏறி நிற்கும். 2015 வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் முன் வந்து நின்ற கோரிக்கைகள் ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய். அந்தத் தொகையைப் பார்த்த பிறகும் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம்.

கேள்வி: சோலாருக்கும் காற்றாலைக்கும் தனியார் பணம் கொட்டுகிறது. வெள்ளம், வறட்சி, வெயிலைத் தாங்கும் வேலைகளுக்கு, அதாவது 'தகவமைப்பு'க்கு, ஏன் வருவதில்லை?
(பொருளாதார மாணவி, திருச்சி)

பதில்: சோலார் பேனலில் மீட்டர் ஓடுகிறது. மழைநீர் வடிகாலில் எந்த மீட்டர் ஓடுகிறது, சொல்லுங்கள்? முடிந்தது பதில். ஆனால் நீங்கள் பரீட்சை எழுதவேண்டியவர், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2023 அறிக்கை போட்ட கணக்குப்படி, வளரும் நாடுகளுக்குத் தகவமைப்புக்கு மட்டும் இந்தப் பத்தாண்டில் வருஷத்துக்கு 21,500 கோடி முதல் 38,700 கோடி டாலர் வரை தேவை. வெளிநாட்டு அரசுகள், வளர்ச்சி வங்கிகள் வழியாக 2022-ல் வந்தது 2,800 கோடி டாலர். யானைப் பசிக்குச் சோளப்பொரி. தனியார் போட்டது அதைவிடச் சொற்பம். லாபம் இல்லாததால் என்று சொல்ல முடியாது. தகவமைப்புக்கான உலக ஆணையம் 2019-ல் சொன்னது: 1.8 லட்சம் கோடி டாலர் போட்டால் 7.1 லட்சம் கோடி டாலர் பலன். நாலு மடங்கு! ஆனால் அந்தப் பலன் யார் பாக்கெட்டுக்குப் போகிறது? வடிகால் கட்டியவருக்கு அல்ல. தண்ணீர் புகாத பத்தாயிரம் வீட்டுக்கு, ஆளுக்குக் கொஞ்சம். பத்தாயிரம் வீட்டில் யாராவது "என் வீட்டில் இந்த வருஷம் தண்ணீர் வரவில்லை, இந்தாங்க நாலாயிரம்" என்று வந்து தருவார்களா?

மீட்டர் இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க எங்கள் ஊரே போதும். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, தினம் 10 கோடி லிட்டர், 2010-ல் ஓட ஆரம்பித்தது. கட்டியது தனியார் கம்பெனி, அவர்கள் பணம். ஏன் போட்டார்கள்? குடிநீர் வாரியம் 25 வருஷத்துக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தது, ஆரம்ப விலை ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 49 ரூபாய். அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்திலேயே மணலியில் உர ஆலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் நகரத்தின் சாக்கடை நீரை வாங்கிச் சுத்தம் செய்து ஓட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் இல்லாவிட்டால் ஆலை நின்றுவிடும், நின்றால் ஒரு நாளைக்கு என்ன நஷ்டம் என்று அவர்கள் கணக்கில் எழுதியிருந்தது. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு விற்க ஆரம்பித்தார்கள். அதே 2019 ஜூலையில்தான் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து வில்லிவாக்கத்தில் இறங்கியது. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். கூட்டத்தில் ஒரு பாட்டி, "இது குடிக்கவா, பார்க்கவா?" என்று கேட்டார்.

பரீட்சையில் எழுத மறக்கக் கூடாதது ஒன்று. தனியார் பணம் இனாம் பணம் இல்லை, தவணையில் திருப்பித் தரும் பணம். மீஞ்சூர் ஆலைக்குக் காசு கடைசியில் வாரியத்தின் கல்லாவிலிருந்துதான் போகிறது. அப்புறம், ஒருவருக்குத் தகவமைப்பு இன்னொருவருக்கு வேறாக இருக்கலாம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குப் பக்கத்து மீனவர்கள் கரை அரிப்பு பற்றிப் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். அதற்கும் மீட்டர் கிடையாது.

கேள்வி: காலநிலை மாற்றம் எல்லாம் உண்மைதானா?
(பெயர் போடவில்லை, கோபிசெட்டிபாளையம்)

பதில்: விஞ்ஞானிகள் உண்மை என்று சொல்லி வெகுநாள் ஆகிறது. என் தகுதிக்கு ஒரு டைரிதான் உண்டு. அதில் டிசம்பர் பக்கங்கள் வரவரப் பத்தவில்லை.

கேள்வி: 2023 டிசம்பரில் எங்கள் மாவட்டம் மூழ்கியது. வரி கட்டுகிறோம். இப்போது "நீங்களே மேடை போடுங்கள், இன்சூரன்ஸ் எடுங்கள், தனியார் முதலீடு வரட்டும்" என்றால் அரசு கைகழுவுகிறது என்றுதானே அர்த்தம்?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தூத்துக்குடி)

பதில்: டீச்சர், உங்கள் கோபத்தில் முக்கால் பங்கு எனக்கும் உண்டு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகள். அந்த அளவுத் தண்ணீருக்கு முன்னால் ஷட்டர் பலகை ஒரு விளையாட்டுச் சாமான். குளத்துக்கரை, மறுகால், பாலம், எச்சரிக்கை இதெல்லாம் அரசு மட்டுமே செய்யக்கூடியவை. யாரும் லாபத்துக்கு வந்து தாமிரபரணிக்குக் கரை கட்டப்போவதில்லை.

எச்சரிக்கை விஷயத்தில் ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் போனார்கள். அதற்கப்புறம் அரசு புயல் காப்பகங்கள் கட்டியது, ஊர் ஊராக ஆட்களைப் பழக்கியது. 2013-ல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு ஐம்பதுக்குள் நின்றது. அங்கே லாபம் தேடி வரும் தனியார் பணம் தேவைப்படவில்லை.

கிழிந்த பிறகு தைக்கும் பழக்கம்தான் நம் நிதியிலும் நெடுங்காலம் இருந்தது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கான மாநிலப் பேரிடர் நிதியில் 80 சதவீதம் நிவாரணத்துக்கு, 20 சதவீதம் தணிப்புக்கு, அதாவது வருமுன் காக்க, என்று பிரித்தது. முன்பு அப்படி ஒரு தனிப் பங்கே கிடையாது. சென்னைப் படுகைக்கு 2023 டிசம்பரில் 561 கோடி ரூபாய்க்கு வெள்ளத் தணிப்புத் திட்டம் ஒப்புதலானது, அதில் 500 கோடி மத்திய அரசின் பங்கு. மிக்ஜாம் அடித்து மூன்று நாளைக்குள் அறிவிப்பு வந்தது! நம் ஊரில் வருமுன் காக்கும் பணமும் வந்த பிறகுதான் வருகிறது. உங்கள் மாவட்டத்துக்கு அந்த 20 சதவீதத்திலிருந்து என்ன வேலை எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தலைமையாசிரியை கேட்டால் பதில் ஒழுங்காக வரும்.

மிச்சக் கால் பங்குக்கு வருகிறேன். அரசு பணமே போடாமல் ஊரைப் பணம் போடவைத்த ஒரு விஷயம் நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது, கெடு வைத்தார்கள். அந்த வருஷம் பிளம்பர் கிடைக்காமல் அலைந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் கட்டடத்துக்கு ஒன்பதாயிரம் ஆனது, முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தோம். அடுத்த சில வருஷங்களில் சென்னைக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. அரசு போட்டது கையெழுத்து, பணம் வீட்டுக்காரர்களுடையது. அரசு செய்யாமல் விட்டது என்னவென்றால், குழி போட்டாயா என்று பார்க்க வந்தவர்கள், தூர் எடுத்தாயா என்று பார்க்க வரவில்லை. எங்கள் குழியில் இப்போது செம்பருத்தி வைத்திருக்கிறோம். நன்றாகப் பூக்கிறது.

கேள்வி: உப்பளத்தில் கூலி வேலை. பருவம் தப்பி மழை பெய்தால் வேலை நின்றுவிடும். வெயில் ஏறினால் மதியத்துக்கு மேல் நிற்க முடியாது. எனக்கு மெஷினும் இல்லை, பட்டறையும் இல்லை. எனக்கு என்ன இன்சூரன்ஸ்?
(உப்பளத் தொழிலாளி, வேதாரண்யம். மகள் எழுதித் தந்தது)

பதில்: தங்கச்சி, இந்த வாரம் வந்ததிலேயே கடினமான கேள்வி உங்களுடையது.

என்னைப் போன்ற சர்வேயர் வந்து டேப் வைத்து அளக்கிற இன்சூரன்ஸ் உங்களுக்கு ஆகாது. ஒரு நாள் கூலி போனதை எந்தச் சுவரில் கோடு பார்ப்பது? உங்களுக்கு வேண்டியது வேறு மாதிரி. வெப்பமானியோ மழைமானியோ இன்ன அளவைத் தாண்டினால், யாரும் வந்து பார்க்காமல், விண்ணப்பம் எழுதாமல், பணம் நேரே பேங்க் கணக்கில் விழவேண்டும். குஜராத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் இதைச் செய்து பார்த்தது. அவர்களிடமும் உப்பளப் பெண்கள் உண்டு. 2023-ல் 21,000 பெண்கள் சேர்ந்தார்கள். அந்த வருஷம் ஒருவருக்கும் பணம் வரவில்லை. வெயில் என்னவோ அடித்தது, பாலிசியில் எழுதிய அளவு அதைவிட உசரத்தில் இருந்தது. அளவைத் திருத்தி எழுதினார்கள். 2024-ல் மூன்று மாநிலங்களில் 50,000 பேர் சேர்ந்து, 46,000 பேருக்கு மேல் பணம் வந்தது.

பிரீமியம் முழுவதையும் அந்தப் பெண்கள் கட்டவில்லை. அவர்கள் கட்டியது ஒரு பங்குதான், மிச்சம் நன்கொடையாளர்களுடையது. எனக்கு இதில் தப்பே தெரியவில்லை. தனியார் கம்பெனி ரிஸ்க்கை எடுக்க, பொதுப் பணம் பிரீமியத்தில் ஒரு கை கொடுக்க, இரண்டும் சேரவேண்டிய இடமே இதுதான். டெல்டாவில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தானே, மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் போடுகின்றன. நெல்லுக்கு உண்டு, உப்புக்குக் கூலி செய்கிறவருக்கு இல்லை என்பது என்ன நியாயம்? நாகாலாந்தில் அரசே மழையளவை வைத்து இப்படி ஒரு பாலிசி எடுத்திருக்கிறது. இங்கேயும் எடுக்கலாம்.

இப்போதைக்கு: உப்பளம் ஓடாத மழை மாதங்களுக்கு மாநில அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்துக்கு உப்புத் தொழிலாளர் என்ற பதிவு வேண்டும். அது இருக்கிறதா என்று பாருங்கள். கஜா புயல் சமயத்தில் பதிவு இல்லாமல் அலைந்த குடும்பங்களை உங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன். சங்கம் வைத்திருந்தால், மாவட்டக் காலநிலை இயக்கத்துக்கு ஆட்சியர்தான் தலைவர், அவரிடம் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். மகளே எழுதட்டும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

கேள்வி: வீட்டுக்கு வெள்ள இன்சூரன்ஸ் தனியாக உண்டா?
(இல்லத்தரசி, கோவை)

பதில்: தனியாகத் தேடவேண்டாம். 2021 ஏப்ரலில் இருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனியிலும் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்று ஒரே மாதிரி பாலிசி உண்டு, வெள்ளம், புயல் அதிலேயே அடக்கம். மனை விலையைச் சேர்க்காமல், திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு மட்டும் எடுங்கள். மண் எங்கேயும் ஓடிப்போகாது. பட்டறைக்காரர்களுக்கு ஒரு உபரி எச்சரிக்கை: நாற்பது லட்சம் சரக்கை இருபது லட்சம் என்று குறைத்துக் காட்டினால், பத்து லட்சம் நஷ்டத்துக்கும் அதே பாதிக் கணக்கில் ஐந்துதான் கைக்கு வரும். அப்புறம் சர்வேயரைத் திட்டக்கூடாது.

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்டில் இ.பி. பேனலை உயர்த்த ஆளுக்கு 14,000 கேட்டால், மூன்றாம் மாடிக்காரர்கள் "எங்களுக்கு எதுக்கு?" என்கிறார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
(சங்கச் செயலாளர், வேளச்சேரி)

பதில்: வழி தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பேனலை உயர்த்தச் சொன்ன நான், 2016-ல் எங்கள் சங்கக் கூட்டத்தில் தோற்றேன். பன்னிரண்டு வீட்டில் நாலு வீடு கையெழுத்துப் போடவில்லை, நாலும் மேல்மாடி. 2023-ல் ஸ்டில்ட்டில், அதாவது கார் நிறுத்தும் தரைத்தளத்தில், நாலடித் தண்ணீர், பேனல் முழுகியது, ஐந்து நாள் கரண்ட் இல்லை. லிப்ட் இல்லை, மோட்டார் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அதிகப் படி ஏறியவர்கள் யார் என்று சொல்லவேண்டுமா? ஜனவரியில் பன்னிரண்டு கையெழுத்தும் ஒரே நாளில் விழுந்தன, செலவு ரெண்டு மடங்காக. உங்கள் மேல்மாடிக்காரர்களிடம் வெள்ளத்தைப் பற்றிப் பேசாதீர்கள். லிப்டைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: மாநகராட்சிகள் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டுகின்றனவாமே. என் ஓய்வூதியப் பணத்தில் கொஞ்சம் போட்டால் ஊருக்கும் நல்லது, எனக்கும் வட்டி என்று நினைக்கிறேன். சரிதானா?
(முன்னாள் தபால் ஊழியர், மதுரை)

பதில்: முதலீட்டு ஆலோசனை சொல்ல எனக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லமாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

தனியே பத்திரம் போட்டால் யாரும் சீந்தாத சின்ன ஊர்கள் கூட்டுச் சேர்ந்து பணம் திரட்டிய கதை தமிழ்நாட்டுடையதுதான். 2002-ல் 13 உள்ளாட்சிகள் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்குச் சேர்ந்து 30 கோடி ரூபாய்ச் சொச்சம் பத்திரம் வெளியிட்டன. பணம் போட்டவர்கள் எதை நம்பிப் போட்டார்கள்? அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனம் ஒன்று ஜாமீன் நின்றது. உள்ளாட்சிகளின் வரி வருமானம் முதலில் தனிக் கணக்கில் விழுந்து, தவணைக்கு எடுத்துவைத்த பிறகுதான் செலவுக்குப் போகும் என்று ஏற்பாடு. ஜாமீன் நின்றவர் கைக்காசு போடவேண்டிய அவசியமே இல்லாமல், அவர் நிற்கிறார் என்பதற்காகவே முப்பது கோடி வந்தது. தகவமைப்புக்குத் தனியார் பணத்தை அழைக்க அரசு செய்யக்கூடிய சிக்கனமான வேலை இதுதான் என்பது என் எண்ணம். இருபது வருஷத்துக்கு முன்பே செய்துகாட்டிவிட்டு நாம் மறந்துவிட்டோம். பெருநகரச் சென்னை மாநகராட்சி முதல் பத்திரத்தைப் பங்குச்சந்தையில் பட்டியலிட்டதே 2025-ல்தான், 200 கோடி ரூபாய் அளவில், கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சரிசெய்ய. கொசஸ்தலையாற்றுப் படுகை வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் 25 கோடி டாலர் கடன் வந்தது.

நீங்கள் பார்க்கவேண்டியது வட்டியை அல்ல. அந்த ஊர் சொத்துவரியை ஒழுங்காக வசூலிக்கிறதா என்று பாருங்கள். முப்பது வருஷம் மணியார்டர் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர் நீங்கள், எந்தத் தெரு பணம் கட்டும், எந்தத் தெரு கதவைச் சாத்தும் என்று ரேட்டிங் கம்பெனியைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: வெள்ளம் வந்த உயரத்தை எப்படிப் பதிவு செய்து வைப்பது? சாக்பீஸில் போட்ட கோடு அழிந்துவிட்டது.
(மாவு மில் உரிமையாளர், முடிச்சூர்)

பதில்: எனாமல் பெயின்டில் போடுங்கள், உள் சுவரில். வெளிச் சுவர் என்றால் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவர் அழித்துவிடுவார். கோட்டுக்குப் பக்கத்தில் தேதி. தரையிலிருந்து டேப்பைப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி ஒரு படம். அன்றைய செய்தித்தாளும் படத்தில் விழட்டும். மில் மோட்டார் தரையிலிருந்து எத்தனை அடி, மெயின் சுவிட்ச் எத்தனை அடி என்று கீழே எழுதி, பாலிசியோடு சேர்த்து மேல் அலமாரியில் வையுங்கள். பாலிசியே நனைந்துபோனதாக வந்து நின்றவர்கள் நிறையப் பேர்.

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள் தண்ணீரின் உயரத்தை அடியிலும் அங்குலத்திலும் குறிப்பிடவும். இந்த முறை "இடுப்பளவு" என்று ஒன்பது கடிதம் வந்திருக்கிறது. யாருடைய இடுப்பு என்று ஒருவரும் எழுதவில்லை.